அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

மாட்டுங்காவில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் சேர்ந்த அன்றே, என் சீனியரான சார் ஒரு விதியைச் சொன்னார். மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது. அணைத்தால் மறுபடி உயிர் வருமா என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கட்டடத்து லிஃப்டில் எப்போது கம்பிவடம் மாற்றினார்கள் என்ற விவரமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. ஒரு கட்டடத்தின் பெயரை அடித்துவிட்டு டீ குடித்து வரலாம். அப்போதும் திரை யோசித்துக்கொண்டிருக்கும். என்னோடு சேர்ந்த மராட்டிப் பெண் அதற்கு 'தாதாஜி', அதாவது தாத்தா, என்று பெயர் வைத்திருந்தாள்.

புது மெஷின் வேண்டும், பழையதில் இருக்கும் விவரங்களுக்கு ஒரு நகலாவது எடுத்து வைக்க வேண்டும் என்று முதலாளிக்கு இரண்டு முறை மெயில் அனுப்பினேன். அவர் சாரைக் கேட்டார். சார் தேவையில்லை என்றுவிட்டார். என்னிடம், "இருபது வருஷமா ஓடறது. நீ வந்து ஆறு மாசம் ஆகலை, அதுக்குள்ள என்னடா அவசரம்?" என்றார். என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாயை மூடிக்கொண்டேன்.

ஜூலையில் ஒரு சாயங்காலம் மழை வலுத்து, எல்லோரும் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். பூட்டுவதற்கு நான் மட்டும் இருந்தேன். எங்கள் வீடு இருக்கும் லேபர் கேம்பிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"ஏலே, தண்ணி உள்ள வந்துட்டு. மெயின அணைச்சாச்சு. நீ பாத்து வா."

எங்கள் வீட்டில் தண்ணீர் வாசலைத் தாண்டினால் அரிசியைத் தூக்கி மேலே வைப்பதற்கும் முன்னால் மெயின் சுவிட்சை அணைப்போம். ஆபீஸும் தரைத்தளம்தான். படியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தேன். போன் காதில் இருக்கும்போதே கை மெயினை இழுத்துவிட்டது. மூலையில் திரை இருண்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. மறுபடி மேலே தள்ளினேன். விளக்கு வந்தது. கம்ப்யூட்டர் வரவில்லை.

மறுநாள், மழையில் கரண்ட் போயிருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. பழுது பார்க்க வந்தவர் கையை விரித்தார். முதலாளி என்னைக் காட்டி, இந்தப் பையன் அப்போதே சொன்னான் என்று ஹிந்தியில் சாரைப் பிடிபிடியென்று பிடித்தார். அந்த வாரமே என்னை நிரந்தரமாக்கிவிட்டார்.

மெக்கானிக்குகள் எழுதிக்கொடுத்த சீட்டுகளைத் தேடி எடுத்து, எல்லாவற்றையும் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருந்தது. சார் படிக்க, நான் அடித்தேன். செம்பூர் கட்டடம் ஒன்றுக்குச் சீட்டே கிடைக்கவில்லை. கம்பிவடம் மாற்றினோமா இல்லையா என்று தெரியாமல் ஜனங்கள் அதில் ஏறி இறங்குகிறார்களே என்று சார் முனகினார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சார், அன்னைக்கு கரண்ட் போகல. நான்தான் மெயின அணைச்சேன்."

சார் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார். அதுவரை என்னை வாடா போடா என்றே பேசியவர்.

"இதை முதலாளிகிட்டேயும் சொல்லுவேளா?" என்று கேட்டார்.

அவர் அடுத்த சீட்டை எடுத்துப் படித்தார். நான் அடித்தேன். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.