நாலு பெல்ட்டும் நாற்பது யோசனையும்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பேர் "சரிங்க". பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லி யாராவது விலாசம் கேட்டால், அப்படி இங்கே யாரும் இல்லையே என்றுதான் பதில் வரும். "சரிங்க வீடு எது?" என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடும்.

தலை நரைக்கும்வரை செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். ஆறு மாசம் போட்டுத் தேய்த்த ஷூவைக் கொண்டுவந்து, "கடிக்குது, மாத்திக் குடுங்க" என்பார்கள். "சரிங்க" என்பார். திட்டு முதலாளியிடம் இவருக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கேட்டை அடைத்துக் காரை நிறுத்தி, "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். அதற்கும் "சரிங்க". அந்தக் கொஞ்ச நாளில் அவர் மகன் பள்ளிக்கூடம் முடித்து, காலேஜும் முடித்துவிட்டான். எடுப்பார் கைப்பிள்ளை என்று சொல்வார்களே, அந்தப் பிள்ளையைத்தான் எனக்குக் கட்டி வைத்தார்கள்.

எங்களிடம் கேம்பர் வேன் வந்த கதையும் இதுதான். முதலாளியின் மச்சான் பழைய டெலிவரி வேன் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றப் போகிறேன் என்று செய்தார். சுற்றவும் இல்லை, விற்கவும் முடியவில்லை. "நீங்களே எடுத்துக்குங்களேன்" என்று இவரிடம் ஒரு வார்த்தை சொன்னார். மறுநாள் அது எங்கள் வாசலில் நின்றது. உள்ளே மடக்குக் கட்டில், முழங்கை இடிக்கும் சிங்க், கீழே ஓர் உதை விட்டால்தான் மூடும் கதவு. "இனிமே உங்ககூடப் பேசப்போறதில்ல" என்றேன். அதற்கும் "சரி" என்றார். இந்த மனுஷனிடம் சண்டை போடக்கூட முடியாது.

எங்களுக்கு ஒரே மகள், நர்ஸ். மலை மேல் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்தது. ஒரே நிபந்தனை, சொந்த மோட்டார் சைக்கிள் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் வண்டியோடு போய் நிற்காவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிற பெண்ணுக்கு வேலை போய்விடும். அவள் ஓட்டிப் பழகியது அப்பாவின் பழைய வண்டி; அவள் ஏற்கெனவே மலைக்குப் போய்த் தங்கிவிட்டாள், வண்டி எங்கள் வீட்டில் இருந்தது. பார்சலில் போட்டால் வந்து சேர இரண்டு வாரமாகும் என்றார்கள். "நானே கொண்டுவந்து தர்றேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டார். ரொம்ப நாளாகத் தேடிய வேலை அது. அது கை நழுவிப் போய்விடக் கூடாதே என்று நான் அன்றைக்கே மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

வேனின் பின்பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்கு இரும்புத் தாங்கி ஒன்றை வெல்டிங் பட்டறைக்காரர் செய்து மாட்டினார். வண்டியை ஏற்றி, நாலு மூலைக்கும் நாலு பெல்ட் போட்டு, கிரிச் கிரிச்சென்று இறுக்கினார். முன்பக்க பெல்ட்டுகளைக் கைப்பிடியில் போடாமல், அதற்குக் கீழே, முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கெட்டி இரும்பில் போட்டார். ஃபோர்க்குக்குள் இருக்கும் ஸ்பிரிங் பாதி அமுங்கியது. டேங்கில் பெட்ரோலைக் குறைத்தார். பின்னால் கனம் ஏறினால் வேனின் முன்சக்கரம் தரையில் ஒட்டாது, ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது என்று சொல்லி, தண்ணீர் கேன், அரிசி மூட்டை எல்லாவற்றையும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நகர்த்தச் சொன்னார். கடைசியில், "கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஒரு தடவை இறுக்குங்க. அப்புறம் நிறுத்துற இடத்துல எல்லாம் கையால தட்டிப் பாருங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றார்.

"சரிங்க" என்றார் இவர். எனக்கு அப்போதே பக்கென்றது. இவர் அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த ஆள் வாய் திறக்கும்வரைதான் அதற்கு ஆயுசு.

சனிக்கிழமை விடியலில் கிளம்பினோம். முதல் பெட்ரோல் பங்கிலேயே ஒரு லாரி டிரைவர் வண்டியைச் சுற்றி வந்தார். "ஸ்பிரிங் முழுசா அமுங்கணும் சார், இல்லன்னா பள்ளத்துல துள்ளும்" என்றார். இவர் இறங்கி முழுசாக அமுக்கிக் கட்டினார். சாப்பிட நிறுத்திய இடத்தில் எங்களைப் போலவே வேனில் வந்த ஒரு குடும்பம். அந்தக் குடும்பத் தலைவர், "ஐயோ, இவ்வளவு இறுக்கினா ஃபோர்க்ல ஆயில் சீல் போய் எண்ணெய் ஒழுகும்" என்றார். இறங்கித் தளர்த்தினார். அவருடைய மனைவி தன் பங்குக்கு, "தூசி படாம ஒரு கவர் போடலாமே" என்றாள். போட்டார். அந்தக் கவர் காற்றில் உப்பி, வேனை வலது பக்கமும் இடது பக்கமுமாக இழுத்தது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"பின் லைட்டையும் நம்பரையும் மூடிட்டு எங்க போறீங்க?"

"கழட்டிடறேங்க" என்று இவர் கவரைக் கழற்றி மடித்தார். மடித்த கவரைப் பார்த்து அங்கே நின்ற ஒருத்தர், "கியர்ல போட்டிருக்கீங்களா, நியூட்ரலா?" என்று ஆரம்பித்தார்.

"என்னங்க, பட்டறைக்காரர் ஒண்ணையும் தொடாதீங்கன்னு சொன்னாரா இல்லையா?" என்றேன்.

"அவங்களும் நல்லதுக்குத்தானே சொல்றாங்க."

"ஊர்ல இருக்கிற எல்லா நல்லதையும் நீங்க ஒருத்தரே வாங்கி மூட்டை கட்டணுமா?"

"சரி, இனிமே கேக்கல" என்றார். ஊர் வாயை மூட உலை மூடி கிடையாது, அது தெரிந்ததுதான். இவர் காதை மூட எங்கே போய் மூடி தேடுவேன்? அன்று ராத்தங்கலுக்குள் அந்த பெல்ட்டுகளை எத்தனை தடவை அவிழ்த்துக் கட்டினாரோ, எனக்கு எண்ணி மாளவில்லை. போக வேண்டிய தூரத்தில் பாதிதான் போயிருந்தோம்.

ஞாயிறு காலையில் டயருக்குக் காற்றடிக்க நிறுத்தினோம். காற்றடிக்கிறவர் பெல்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "அங்க போட்டா நிக்குமா? கைப்பிடியில போட்டு இழுங்க, அப்பத்தான் கெட்டி." இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அலுத்துவிட்டது, எப்படியோ போகட்டும் என்றிருந்தது. பின்னால் கிரிச் கிரிச்சென்று சத்தம் கேட்டது.

மத்தியானத்துக்கு மேல் மலையடிவாரத்துக்கு வந்தோம். மகள் இருக்கும் இடத்துக்குப் போகிற ரோட்டில் வேன் ஏறாது. அடிவாரத்தில் வேனை விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் நாங்கள் இரண்டு பேரும் மேலே போய் வண்டியை ஒப்படைத்துவிட்டு, ஜீப்பில் இறங்கி வருவதாக ஏற்பாடு. வண்டியை இறக்கினோம். எனக்கு உயிரே வந்தது. ஒரு கீறல் இல்லை, கண்ணாடிகூட உடையவில்லை.

அவர் ஏறி உட்கார்ந்து முன் பிரேக்கைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். பிறகு இறங்கி, கைப்பிடிக்குக் கீழே விரலை விட்டுத் துழாவினார். விரல் ஈரமாக வந்தது.

கைப்பிடியில் போட்ட பெல்ட், முன் பிரேக்குக்கு எண்ணெய் போகிற குழாயையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. வழியெல்லாம் உரசி உரசி, ரப்பர் தேய்ந்து எண்ணெய் கசிந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காற்றடித்தவர் எதிரில் இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு. ஆனால் திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. மேலே அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், விடிந்தால் திங்கள். "பின் பிரேக் புடிக்குதுல்ல?" என்றேன்.

"புடிக்குது."

"அப்புறம் என்ன? ஒரு குழாய்தானே. மேல போய்ப் பாத்துக்கலாம். கிளம்புங்க."

சுற்றி நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்றார் ஒருவர். தானே முன் பிரேக் இல்லாமல் ரொம்ப நாள் ஓட்டியதாக இன்னொருவர் பெருமை பேசினார். மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்து அவரிடம் நீட்டினேன். "பரவால்லப்பா, கொண்டாங்க. நாளைக்கு வண்டியக் காட்டினாப் போதும். அடுத்த வாரம் மாத்திக்கறேன்" என்றாள். எல்லோரும் ஒரே பக்கம். இனி இவர் வாயிலிருந்து என்ன வரும் என்று உலகத்துக்கே தெரியும்.

"முடியாதும்மா" என்றார்.

போனில் அவள் அழ ஆரம்பித்தாள். இந்த வேலைக்கு எவ்வளவு அலைந்தேன் தெரியுமா, உங்களுக்கு ஒரு குழாய் பெரிசாப் போச்சா என்று கேட்டாள். இவர் கேட்டுக்கொண்டே நின்றார். "நீ தினமும் அதுல இறங்கணும் கண்ணு. முடியாது" என்று இன்னொரு தடவை சொல்லி, போனை என் கையில் கொடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயுசு பூரா யார் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. முதலாளியிடம் சொல்லவில்லை, கேட்டை அடைத்தவரிடம் சொல்லவில்லை, காலையில் அந்தக் காற்றடித்தவரிடம் சொல்லியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை. பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்து, பெற்ற பெண்ணிடமும் கட்டினவளிடமும் செலவு பண்ணுகிறார்.

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?" என்றேன். அவர் ஏற்கெனவே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த மெக்கானிக் வீட்டில் கதவைத் திறந்தவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். "இன்னைக்கு லீவுங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் கொண்டாங்க."

"முடியாதுங்க. இன்னைக்கே வேணும்."

"ஞாயித்துக்கிழமைங்க."

"தெரியும்ங்க" என்று சொல்லி, இவர் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு மானம் போனது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். மெக்கானிக் என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்தார். பட்டறைக்குப் பின்னால் செத்துக் கிடந்த ஒரு வண்டியிலிருந்து குழாயைக் கழற்றி வந்தார். இவர் அதை வாங்கி, ஷூ அடிப்பாகத்தை வளைத்துப் பார்க்கிற மாதிரி வளைத்துப் பார்த்தார். மெல்லிசாக வெடிப்பு.

"இது வேண்டாங்க. புதுசு போடுங்க."

"ஸ்பேர் கடையும் லீவு சார்."

"அவர் வீடு எங்க இருக்கு?"

ஸ்பேர் கடைக்காரரையும் எழுப்பினோம். அவர் பெண்டாட்டி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். புதுக் குழாய் வந்து, மாட்டி, எண்ணெய் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றை எடுத்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. அதோடு விட்டாரா? அந்தச் சந்தில் போவதும் பிரேக் பிடிப்பதுமாக மெக்கானிக் கும்பிடு போடும்வரை ஓட்டிப் பார்த்தார். மலை ஏறும்போதும் வளைவுக்கு வளைவு ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நான், மூக்கு அவர் முதுகில் இடித்து இடித்தே பாதி மலை ஏறினேன்.

மகள் கதவைத் திறந்து, சாவியை வாங்கிக்கொண்டாள். என்னிடம் மட்டும்தான் பேசினாள். மறுநாள் காலையில் வண்டியோடு போய் வேலையில் சேர்ந்துவிட்டாள். எங்களுக்கு அடிவாரத்தில் வேன் நிறுத்துகிற மைதானத்தில் இடம் கிடைத்தது. அவள் கோபம் தணிந்து ஒரு வார்த்தை பேசினால் திரும்பிப் போகலாம் என்று காத்திருந்தோம். மூன்று நாளாக அடிவாரத்திலும் மழை, மலையிலும் மழை.

வியாழக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் வந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா? கொஞ்சம் தள்ளி வா." நான் வேனுக்குள் போனேன். "இறக்கத்துல வந்துட்டிருந்தேன். வளைவு திரும்பினா ஒரு ஜீப் குறுக்க நிக்குது. சேத்துல மாட்டிக்கிச்சு. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். ரெண்டு பிரேக்கையும் சேத்துப் புடிச்சேன், நின்னுடுச்சு. ஜீப்புக்கும் எனக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்லம்மா." குரலைத் தாழ்த்தினாள். "அப்பாகிட்ட சொல்லாத. சொன்னா வந்து வண்டிய வாங்கிட்டுப் போயிடுவாரு."

மடக்குக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே அவர் வேனுக்கு மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வேன்காரர் குடையோடு நின்று, முடிச்சை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இவர் அவிழ்த்து மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். எப்போதும் என்றால் நான் இறங்கிப் போய் இரண்டு பேரையும் கேட்டிருப்பேன்.

"யாரு போன்ல?" என்றார் அங்கிருந்தபடியே.

"பாப்பாதான். சாப்பிட்டாளாம்."

"என்கிட்ட பேசலையா?"

"வேலையா இருக்காளாம். ராத்திரி பேசறேன்னா."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தார். கொஞ்சம் தயங்கி, "முன் பிரேக் எப்படி இருக்குன்னு ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார்.

"நல்லா புடிக்குதாம்" என்றேன். இறங்கிப் போய்த் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.