பாபநாசம் வழியில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள்

மழை ஓய்ந்ததும் தாமிரபரணி நிறைந்து ஓடும், அருவி பார்க்க மார்கழிதான் சரி என்றார்கள். அதனால் போன மார்கழியில் திருச்சியிலிருந்து ரயிலேறி நெல்லையில் இறங்கினேன். வாடகைக் கார் நாளொன்றுக்கு 2,500 ரூபாய். பாபநாசம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். மதியச் சாப்பாட்டை நெல்லையிலேயே முடித்ததால் கிளம்பத் தாமதமாகிவிட்டது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

ஓட்டுநர் சுடலைமுத்து வாய் ஓயாமல் பேசுகிறவர். அம்பாசமுத்திரம் தாண்டியதும், பொழுது சாயும் நேரத்தில், வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்தி இறங்கினார். புல்லில் மரத்தை அரத்தால் அராவுவதுபோல ஓர் ஓசை. அவர் துள்ளினார். கணுக்காலில் இரண்டு சிறு புள்ளிகள்.

“சுருட்டை விரியனா இருக்கும் அண்ணாச்சி. வலியே இல்ல. எங்க ஊர்ல பச்சிலை குடுக்கவரு ஒருத்தரு இருக்காரு, பைய அங்கன போயிருவோம்.”

சாவியை வாங்கிக்கொண்டு, நானே ஓட்டி அருகிலிருந்த அரசு மருத்துவமனையில் சேர்த்தேன்.

பணியிலிருந்த பெண் மருத்துவர் சுடலைமுத்துவின் இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்க ரத்தமும் வேணும். ஒப்பிட்டுப் பாக்கணும்.” இரண்டு குழாய்களும் அருகருகே நின்றன. “இருபது நிமிஷம். யாரும் தொடப்பிடாது, ஆட்டப்பிடாது.”

“நல்லாத்தான இருக்கேன்?” என்றார் சுடலைமுத்து.

“கடின்னு சொன்னதும் விஷமுறிவு மருந்து ஏத்தின காலம் உண்டு. அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்காது. வலியில்லன்னு வீட்டுக்கு அனுப்பி ஆளைப் பறிகொடுத்ததும் உண்டு. இப்ப அரசு ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு முறை வகுத்திருக்காங்க. எங்க கண்ணை நம்பமாட்டோம். ரத்தத்தைக் கேப்போம்.”

சுடலைமுத்து தன் மகளின் குறும்பைச் சொல்லிச் சிரித்தார். சிரித்தபோது பல் இடுக்கெல்லாம் சிவந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

நேரமானதும் மருத்துவர் என் குழாயைச் சாய்த்தார். இரத்தம் கட்டியாக அசையாமல் நின்றது. சுடலைமுத்துவுடையதைச் சாய்த்தார். அது சாயத் தண்ணீர்போல மறுபக்கம் ஓடியது.

சுடலைமுத்து அந்தக் குழாயையே பார்த்தார். “அப்ப உள்ள பூரா இப்படித்தான் ஓடுதா?”

“ஆமா, விஷம் ரத்தத்தை உறையவிடல. அதான் இப்ப மருந்து ஏத்தப் போறேன்” என்றார் மருத்துவர்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்தார்கள். மறுநாள் காலை நான் போனபோது குழாயைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார்கள். சொட்டு விழவில்லை. சுடலைமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதார்.

அருவியை நான் பார்க்கவில்லை. நீங்கள் போனால் காலையிலேயே போங்கள்; புல்லில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள்; காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். வலியில்லை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் சவரம் செய்யும்போது தாடையில் கீறல் விழுந்துவிட்டது. இரத்தம் நிற்கும்வரை கண்ணாடி முன் அசையாமல் நின்றிருந்தேன்.