பாலத்தடியில் அம்மா வைத்த பூ

செல்வம் அண்ணை, நீங்கள் ஒரு பொய்க்குத் துணை போயிருக்கிறீர்கள். ஓடைக்கரைப் பாதையில் புதிதாக நட்ட பலகையில் என் அம்மாவின் படம் இருக்கிறது. இந்த ஊருக்கு வந்து சேர்ந்த அகதிகள்கூட அந்தப் பெரிய பயணிக்குப் பூ வைத்து மரியாதை செய்தார்கள் என்று அதன் கீழே எழுதியிருக்கிறது. அம்மா அந்த ஆளுக்குப் பூ வைக்கவில்லை. படத்தை எடுத்தவர் நீங்கள். பூ எதற்கென்று உங்களுக்குத் தெரியும். பாதையைப் புதுப்பித்த குழுவில் இருந்த ஒரே தமிழரும் நீங்கள்தான்.

மற்ற வாசகர்களுக்கு இது விளங்க வேண்டுமென்றால் நான் அந்த ஓடைக்குத் திரும்பிப் போக வேண்டும். நான் ஜெர்மனியில், எசன் நகரில் ட்ராம் ஓட்டுகிறவள். எழுத்து என் தொழிலில்லை. தெரிந்த மாதிரிச் சொல்கிறேன்.

சித்திரை பிறக்கிற நாட்களில் அந்தக் காட்டுக்குள் கால் வைத்தாலே உள்ளிப்பூண்டு மணம் மூக்கில் ஏறும். மரங்கள் இன்னும் முழுதாகத் துளிர்க்காத குளிரில், நிலம் முழுக்க ஒரு பச்சை இலை பரவிக் கிடக்கும். கசக்கினால் அன்று முழுக்கக் கை மணக்கும். ஜெர்மன்காரர் அதற்கு "பேர்லவ்க்" என்பார்கள். அம்மா "காட்டுள்ளி" என்று தானே ஒரு பெயர் வைத்து, மடி நிறைய ஆய்ந்துகொண்டு போய், பாக்கெட்டில் வருகிற காய்ந்த தேங்காய்ப்பூவைப் போட்டு வறை வறுப்பார். அந்த வறையும் புட்டும் நிறைந்த சட்டியின் சூடு என் வயிற்றில் படப் படத் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் என் சிறு வயது ஞாயிற்றுக்கிழமைகள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எசனுக்குத் தெற்கே ஒரு சிறு நகரத்தில், பழைய பள்ளிக்கூடத்தை மாற்றிச் செய்த அகதிகள் விடுதியில், "ஹைம்" என்று நாங்கள் சொல்லுகிற இடத்தில், ஒரே அறையில் அப்பா, அம்மா, நான். அடுத்த அறையில் செல்வம் அண்ணை. அப்போது கலியாணமாகாத இளந்தாரி. எங்களுக்கு முன்பே வந்து டொச், அதுதான் ஜெர்மன் மொழி, படித்தவர். யாரை எந்த அலுவலகம் "டெர்மின்" குறித்துக் கூப்பிட்டாலும் கூடப் போவார், யாருடைய "அன்ட்ராக்" படிவம் என்றாலும் நிரப்பிக் கொடுப்பார், அதற்கு ஒரு தேத்தண்ணிக்கு மேல் எதுவும் வாங்கமாட்டார். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அகதி விண்ணப்பம் போட்டவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது என்று அந்த நாட்களில் சட்டம் இருந்தது. எங்கள் மாவட்டம் அந்த ஓடையோடு முடிந்தது. அக்கரை வேறு மாவட்டம். அக்கரை ஊரின் ஹைமில் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, இருந்தார். காலைச் சாப்பாட்டை முடித்து ஓடைக்கரையோடு நடந்தால் மதியத்துக்கு முன் அவருடைய வாசலுக்குப் போய்விடலாம். ஆனால் போக முடியாது. ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டும். தங்கையைப் பார்க்க ஆசை என்பது அங்கே ஒரு காரணமாக எடுபடவில்லை.

அதனால் பாலத்தில் சந்தித்தார்கள்.

அந்தப் பாதை கடினமானதில்லை, சுலபமும் இல்லை. பழைய மாவாலையின் சுவரடியில் தொடங்கி, வேர் இடறும் சேற்றுக் கரையோடு போய், ஒரு பாறை முதுகில் மூச்சு வாங்க ஏறி, வழுக்கி வழுக்கி இறங்கினால் ஒடுங்கிய ஒரு மரப்பாலம் வரும். அம்மா சேலைக்கு மேல் யாரோ தானம் கொடுத்த ஆம்பிளைக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு நடப்பார். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. ஆகவே அப்பாவுக்கு அது ஆறு, அம்மாவுக்கு வெறும் வாய்க்கால். அப்பா பயந்த மனிதர். ஒரு சின்னப் பிழை போதும், விண்ணப்பத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று நம்பியவர். பாலத்தின் நடுப் பலகையைக் காட்டி, இதுதான் எல்லை, ஒருவரும் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா இந்தப் பக்கம் நிற்பார், சின்னம்மா அந்தப் பக்கம் நிற்பார். சட்டி நடுப் பலகைக்கு மேலால் போகும். போன கிழமைச் சட்டி கழுவித் துடைத்துத் திரும்பி வரும்.

"ஊரில பாஸ் இல்லாமல் எத்தினை சென்றிக் காவல் தாண்டி வந்தனாங்கள். இப்ப ஒரு வாய்க்கால் தாண்ட ஏலாமல் நிக்கிறம்" என்று எங்களோடு கூட வருகிற செல்வம் அண்ணை புறுபுறுப்பார்.

"பாயுங்கோ அண்ணை, நீந்தத் தெரியாட்டி நான் பிடிக்கிறன்" என்பார் சின்னம்மா.

"முழங்கால் தண்ணிக்கு ஆர் நீந்துறது?"

இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது நடைத்தடியும் முதுகுப்பையுமாக ஜெர்மன்காரர் வருவார்கள். பாலம் ஒடுக்கம் என்பதால் அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவால் ஒதுங்கி ஒதுங்கி, "ஹலோ" சொல்லிக்கொண்டு அங்கால் போவார்கள். கொஞ்ச நேரத்தில் இங்கால் வருவார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேலை இல்லை.

பாலத்தடியில், எங்கள் கரையில், ஒரு கல் நின்றது. கல்லில் பதித்த வெண்கலத் தகட்டில், தாடி வைத்த ஒருவர் இன்னொருவருடைய தோளில் உட்கார்ந்து ஆற்றைக் கடக்கிறார். தூக்கிக்கொண்டு போகிறவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். அவருடைய முகம் மழையில் தேய்ந்திருந்தது. கீழே இருந்தது பழைய கோண எழுத்து. பாசி வேறு பிடித்திருந்ததால் செல்வம் அண்ணைக்கும் வாசிக்க வரவில்லை. ஆனால் நாங்கள் உடுப்பு வாங்கப் போகிற தேவாலயத்தின் சுவரில், ஒரு குழந்தையைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடக்கிற புனிதரின் படம் இருந்தது. பயணம் போகிறவர்களைக் காப்பவர் அவர் என்று பாதிரியார் செல்வம் அண்ணைக்குச் சொல்லியிருக்கிறார். கல்லைக் கண்டதும் அண்ணை தீர்ப்புச் சொன்னார்: "கோயில் சுவரில நிக்கிற அதே ஆள்தான். வழிப்பயணத்துக்குக் காவல்."

ஒருவரும் சந்தேகப்படவில்லை. நாங்கள் சைவச் சனம். ஆனால் அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்காத சைவ வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. கடலையும் காட்டையும் தாண்டி வந்து ஒரு வாய்க்காலில் மறிபட்டு நிற்கிற எங்களுக்கு, ஆளைத் தூக்கிக் கரை சேர்க்கிற சாமியை விடப் பொருத்தமான சாமி எங்கே கிடைக்கும்? அம்மா அன்றே நேர்த்தி வைத்தார். தங்கையை ஒரு நாள் இந்தக் கரைக்குக் கொண்டுவந்துவிடு, ஒரே பாயில் இருந்து சாப்பிட வை, அது மட்டும் போதும் என்று. ஓடைக்கரையில் பூக்கிற மஞ்சள் பூவைப் பிடுங்கிக் கல்லடியில் வைத்தார். அதற்குப் பிறகு போகிற ஞாயிறெல்லாம் பூ. பனிக்காலத்தில் கடையில் வாடிப்போய் விலை குறைத்த செவ்வந்தி. அப்படி ஒரு ஞாயிறுதான் செல்வம் அண்ணை ஊருக்கு அனுப்பவென்று அந்தப் படத்தை எடுத்து, எங்களுக்கும் ஒரு பிரதி தந்தார். குனிந்து பூ வைக்கிற அம்மா, பின்னால் பாலம், கைபிடியைப் பிடித்துக்கொண்டு அங்கால் பக்கத்தில் சின்னம்மா.

உண்மை எனக்குப் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது. நாலாம் வகுப்பில் எங்களை அதே பாதையால் நடத்திக்கொண்டு போன ஆசிரியை, கல்லடியில் நிறுத்தி அந்தக் கோண எழுத்தை உரத்து வாசித்தார். தாடிக்காரர் இந்த ஊரில் பிறந்தவர், ஆபிரிக்காவுக்குப் போய் ஆறுகளைக் "கண்டுபிடித்து" வரைபடம் கீறியவர். அந்த ஆறுகளில் ஏற்கனவே ஆட்கள் குளித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அதை ஒருவரும் சொல்லவில்லை. அவர் கீறிய வழியாகப் பிறகு படைகள் போனதைப் பெரியவளான பின் நானாகத் தேடி வாசித்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். பலகையில் போதுமான அளவு பெரிதாக இருக்கிறது. கீழே தூக்குகிறவர் யார் என்று அன்றைக்குக் கேட்டேன். சுமைகாரர் ஒருவர் என்றார் ஆசிரியை. பெயர் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். செல்வம் அண்ணை நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார், தன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு இவ்வளவு நாளும் பூசை நடந்திருக்கிறதே என்று. அப்பா, இனிப் பூ வேண்டாம், வெட்கக்கேடு என்றார். அம்மா வறையைக் கிளறிக்கொண்டு இருந்தார். அடுத்த ஞாயிறும் பூ வைத்தார். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு சின்னம்மா வரவில்லை. இருட்டும் வரை அம்மா பாலத்தில் நின்றார். சின்னம்மாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் யாரையோ பிடித்துக் கனடாவுக்குப் போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. இன்று டொரொண்டோவில் நல்லாயிருக்கிறார், கிழமைக்கொருமுறை பேசுகிறார். எங்கள் ஹைம் அறையில் ஒரு வாய் தண்ணீர்கூட அவர் குடித்ததில்லை.

சில வருடங்களில் எங்களுக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. அந்தக் கிழமையே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனார். நடுப் பலகையில் நிற்காமல் நடந்து அக்கரையில் ஏறித் திரும்பி நின்றார். அங்கே எங்களுக்கென்று ஒருவரும் இல்லை. "இஞ்ச நிண்டு பாக்க எங்கட பக்கம் வடிவா இருக்கடி" என்றார். திரும்பி வரும்போது கல்லடியில் பூ வைக்கவில்லை. பிறகு ஒருநாளும் வைக்கவில்லை.

போன மாதம், பல வருடங்களுக்குப் பிறகு, அந்தப் பாதையில் நடந்தேன். காட்டுள்ளி மணந்தது. மற்ற எல்லாம் போய்விட்டது. மரப்பாலத்தைப் பிடுங்கி இரும்புப் பாலம் போட்டிருக்கிறார்கள். நடுப் பலகை என்று ஒன்று அதில் இல்லை. ஹைம் இருந்த இடத்தில் அடுக்குமாடி. கல் மட்டும் பாசி சுரண்டிப் பளபளப்பாக நிற்கிறது. பக்கத்தில் அந்தப் பலகை. படத்தின் ஒரு பக்கத்தை வெட்டியிருக்கிறார்கள். பாலம் இல்லை, சின்னம்மா இல்லை. அம்மா மட்டும் குனிந்து நிற்கிறார்.

அங்கே நின்றே செல்வம் அண்ணைக்கு அழைத்தேன். முதலில் சந்தோசமாகத்தான் பேசினார். பலகையில் எழுதியிருந்ததைப் பற்றிக் கேட்டதும் குரல் இறங்கியது.

"ஒரு வரிதானே பிள்ளை. எங்கட சனத்தின்ர முகம் ஒரு பலகையில வந்திருக்கு. அதைப் பார்."

"சின்னம்மாவின்ர முகம் எங்கை, அண்ணை?"

"அது அவையள் இடம் காணாதெண்டு வெட்டினவை."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னா, ஏன் அவ அங்கால நிண்டவ எண்டு கேப்பினம். அந்தப் பழசெல்லாம் இப்ப என்னத்துக்கு?"

நான் அழைப்பைத் துண்டித்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவுக்குக் கைத்தொலைபேசியில் பலகையின் படத்தைக் காட்டி, எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலால் தட்டினார்.

"பூ எங்க கிடக்கெண்டு பார். மேல இருக்கிறவனுக்கு நான் ஒருநாளும் வைக்கேல்லை. நீ பள்ளிக்கூடத்தால வந்து சொல்ல முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. கீழ தண்ணிக்குள்ள நிண்டு தூக்கிறவருக்குத்தான் வைச்சனான். அவர்தானே கரை சேர்க்கிறவர்."

பெரிதாக்கிப் பார்த்தேன். பூ அந்தத் தேய்ந்த முகத்துக்கு நேர் கீழே, தகட்டின் அடி விளிம்போடு ஒட்டிக் கிடக்கிறது. வெட்டியவர்களுக்கு அதை மட்டும் வெட்ட முடியவில்லை.

செல்வம் அண்ணை, வருகிற ஞாயிறு பாதைத் திறப்பு விழா. மேடையில் நீங்கள் பேசப் போகிறீர்கள் என்று அறிவித்தலில் போட்டிருக்கிறது. எனக்குத் தனியாக விளக்கம் வேண்டாம், தொலைபேசியிலும் வேண்டாம். அந்தப் பூ யாருக்கு வைத்தது, படத்தில் இருந்த மற்றப் பெண் யார், அவர் ஏன் பாலத்தின் அங்கால் பக்கத்தில் நின்றார் என்று அங்கே, ஊர்ச் சனத்துக்கு முன்னால், டொச்சில் சொல்லுங்கள். கீழே நிற்கிற மனிதரின் பெயரை ஏன் இன்னும் ஒருவரும் தேடவில்லை என்று உங்கள் குழுவிடமும் அந்த மேடையிலேயே கேளுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வெட்டாத படம் அவருடைய மடியில் இருக்கும். பதில் சொல்லுங்கள்.