துளை இல்லாத பீரங்கி

நம்ப மாட்டீர்கள், தெரியும். நானே இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. மலையூரான தானா ராத்தாவில் இருபது வருடமாகப் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். செத்தவர்களின் கட்டிலில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், ஒரு பேயும் வந்து எழுப்பியதில்லை.

போன வருடம் கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து லெட்சுமி அக்கா கூப்பிட்டார். அவர் புருஷன் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வாட்ச்மேனாக இருந்தவர், இறந்து மூன்று மாதம். அந்தக் காலத்தில் மலையில் பனிமூட்டம் இறங்கினால், அக்கா உட்பட கொழுந்து பறிப்பவர்கள் சத்தத்தை வைத்து வழி பிடித்து வர, ஒரு குட்டிப் பீரங்கியை வெடிக்க வைப்பாராம். துரை ஊருக்குப் போகும்போது அதை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனாராம். மகனோ அது பொம்மை, அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்கிறான். அக்காவுக்கு விற்க வேண்டியதில்லை, உண்மை தெரிந்தால் போதும்.

போய்ப் பார்த்தேன். என் கைக்குட்டையைக் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் விட்டுத் துடைத்தேன். கரியே இல்லை. வெடிமருந்துக்குத் தீ வைக்கிற துளைதான் முக்கியம், அசல் என்றால் அது குழல்வரை இறங்கும், விளிம்பு வெந்து அரித்திருக்கும். இதில் மேலாக ஒரு குழி, அவ்வளவுதான். சைக்கிள் கம்பி நகக்கண் அளவுகூட இறங்கவில்லை. எனக்குத்தான் நாக்கில் நரம்பில்லையே, பட்டென்று சொல்லிவிட்டேன்.

“இது அழகுக்குச் செஞ்சதுக்கா. ஒரு தடவகூட வெடிச்சிருக்காது.”

அக்கா முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “அப்ப எனக்குத்தான் புத்தி பெசகிப்போச்சா, பாய்?”

கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மோட்டார் சைக்கிளைக் கீழே ரோட்டில் நிறுத்தியிருந்தேன், தேயிலைக்குள் குறுக்கே இறங்கினேன். பகல் மூன்று மணிதான், அதற்குள் பனி மூடிவிட்டது, என் கையே எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் பள்ளம் என்று புரியாமல், சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. அப்போது மேலே டொம்மென்று ஒரு சத்தம். அதை நோக்கி ஏறினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. செடியைப் பிடித்துப் பிடித்து ஏறினால், எதிரே அக்கா வீட்டு வாசல்.

பீரங்கி வைத்த இடத்திலேயே இருந்தது. அக்காவுக்கு எதுவும் கேட்கவில்லையாம். சத்தம் கேட்டு வந்தேன் என்றதும், எத்தனை என்று கேட்டார். ரெண்டு என்றேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். “எல்லாருக்கும் அவரு ஒரு வெடிதான் வைப்பாரு பாய். நான் வந்து சேரலன்னாத்தான் ரெண்டாவது வைப்பாரு. இத மவன்கிட்டகூட சொன்னதில்லலா.”

அங்கேயே அவர் மகனுக்குப் போன் போட்டு, உன் அம்மாவுக்கு ஞாபகம் என்னைவிட நன்றாக இருக்கிறது, அந்தப் பீரங்கியில் கை வைக்காதே என்றேன். அக்கா அழுதுகொண்டே எனக்குத் தேத்தண்ணீர் கலக்கினார்.

கிளம்பும் முன் துளையை மறுபடி பார்த்தேன், அதே மேலான குழிதான். அந்தக் காலத்தில் வெடித்தது பங்களாவில் இருந்த வேறு பீரங்கியாக இருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் வெள்ளையாக மடித்துப் பையில் வைத்த அந்தக் கைக்குட்டையை வீட்டில் பிரித்தால், நடுவில் கறுப்பாகக் கரி. என் வீட்டுக்காரி எத்தனையோ தடவை துவைத்துவிட்டாள். பனி இறங்குகிற நாளில் இன்னும் அதில் மருந்து வாசம் வருகிறது.