காரணம் கேட்டுப் போன் செய்பவர்

மங்களூர் ரத வீதியில் முந்திரிக் கடை வைத்திருக்கும் வாசுதேவ கிணிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தராசு மேல்கூடக் கிடையாது. தினமும் காலையில் ஒரே எடைக்கல்லை அதில் வைத்து, நேற்றுக் காட்டியதையே இன்றும் காட்டுகிறதா என்று பார்ப்பார். நான் அங்கே பொட்டலம் கட்டும் பெண்களை மேற்பார்வையிடுகிறேன். அவருக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. அதனால் என்மேல் சந்தேகம் இரட்டிப்பு.

மும்பையிலும் துபாயிலும் இருக்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி ஆர்டர் பிடிப்பதற்காக ஆஷாலதாவை வேலைக்கு வைத்தார். அதிகம் பேசாத பெண். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடியது.

"நம்மகிட்ட வாங்கினவங்களுக்கு மட்டும், மாசம் ரெண்டு மூணு அனுப்பினா போதும் சார்" என்றாள் முதல் நாளே.

"எம்மக கல்யாணத்துக்கு வந்து மூக்குமுட்டச் சாப்பிட்டவங்க முந்திரி வாங்க மாட்டாங்களா?" என்றார் கிணி. கல்யாண அழைப்பு போன அத்தனை முகவரிகளையும் அவளிடம் கொடுத்தார். தினம் ஒரு மின்னஞ்சல். ஒவ்வொன்றிலும் 'இன்றே கடைசி' என்று இருக்கும். அந்தக் கடைசி நாள் மட்டும் முடியவே முடியாது.

மின்னஞ்சலின் அடியில் 'இனி வேண்டாம்' என்று ஒரு வரி உண்டு. அதை யாராவது அழுத்தினால் உடனே தனக்குத் தெரிய வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார். தெரிந்ததும் தானே போன் போடுவார். "நாங்க என்ன தப்புப் பண்ணோம்? கல்யாணத்துல பாயசம் சரியில்லையா?" சம்பந்தி வீட்டுப் பல் டாக்டர் ஒருவர், பாவம், வேலைக்கு நடுவே பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் கால் கிலோ முந்திரி வாங்கித்தான் தப்பித்தார்.

தீபாவளிப் பெட்டிகளுக்கு ஆர்டர் வரவேண்டிய நேரத்தில் எல்லாம் வற்றிப்போயிற்று. மும்பைக்காரர்களிடமிருந்து சத்தமே இல்லை. எதிர்க்கடையில் கூட்டம். கிணியின் கண் ஆஷா மேல் விழுந்தது.

"நம்ம முகவரியெல்லாம் எதிர்க்கடைக்குப் போகுது. போனைக் கொடு" என்று எங்கள் எல்லார் முன்னாலும் கேட்டு வாங்கி, அவள் வீட்டுப் படங்கள் வரை தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. "அழிச்சிருப்பா" என்றார். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"நான் எடுக்கல சார். கண்டுபிடிச்சுக் காட்டறேன்."

"விநாயகர் சதுர்த்தி வரைக்கும் பாரு. அதுக்கப்புறம் வராத."

அவள் பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்தாள். மின்னஞ்சல்கள் போயிருந்தன. எல்லாம் ஸ்பேமில், யாரும் திறக்காத இடத்தில், கிடந்தன.

"நிறைய பேர் நம்ம மெயிலை ஸ்பேம்னு அழுத்தியிருக்காங்க சார். அப்படி அழுத்தினா, ஆசையா வாங்கறவங்களுக்கும் மெயில் அங்கதான் போய் விழும்."

"யார் அழுத்தினது?"

"பேர் தெரியாது சார்."

"தெரியாதுன்னா நீயாத்தான் இருக்கும்."

சதுர்த்தியன்று கிணியின் மைத்துனி ஜயந்தி வீட்டில் விருந்து. நானும் போயிருந்தேன். அத்தனை உறவும் கூடியிருந்தது. சேம்பிலையில் மாவு தடவிச் சுருட்டி வேகவைத்த பத்ரோடையை வாயில் போட்டுக்கொண்டே கிணி ஒவ்வொரு முகமாக நோட்டம் விட்டார். இலை எடுத்ததும் ஜயந்தியிடம் கையை நீட்டினார்.

"உன் போனைக் கொஞ்சம் காட்டு."

"எதுக்கு பாவா? என்மேலயும் சந்தேகமா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அவர் கடையின் மின்னஞ்சல் அத்தனையும் ஸ்பேமில் இருந்தது.

"வேண்டாம்னா கீழ ஒரு வரி இருக்கே, அதை அழுத்தறதுதானே?"

"அதை அழுத்தினா நீங்க போன் பண்ணிக் காரணம் கேப்பீங்க. சொந்தத்துக்குள்ள எதுக்கு மனஸ்தாபம்? இதுன்னா யாருக்கும் தெரியாது. நாங்க எல்லாருமே அப்படித்தான் பண்றோம்."

கூடம் முழுக்கத் தலைகள் குனிந்தன. கிணி கடைசித் துணையாக மனைவி சுமித்ராவைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் தாம்பூலத் தட்டை நகர்த்தி வைத்தாள். "எல்லாருக்கும் எப்படி அழுத்தறதுன்னு சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டிருப்பீங்க."

மறுநாள் ஆஷா தன் பையை எடுத்துப்போக வந்தாள். கெடு முடிந்துவிட்டது அல்லவா. கிணி இருக்கையை விட்டு எழுந்தார். வேலை செய்பவர் ஒருவருக்காக அவர் எழுந்து நான் பார்த்தது அன்றுதான்.

"கல்யாண முகவரியெல்லாம் எடுத்துடு. வாங்கினவங்க மட்டும் போதும். உன் இஷ்டப்படி அனுப்பு" என்றார்.

அவள் உட்காரவில்லை. "என்னை எல்லார் முன்னாலயும் திருடின்னு சொன்னீங்க சார்."

கிணி எங்களை ஓரக்கண்ணால் பார்த்தார். "சரி, சரி. நீ எடுக்கலன்னு எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுடறேன்."

"அது ஸ்பேமுக்குப் போயிடும் சார்" என்றாள் ஆஷா. "வாயால சொல்லுங்க."

பெண்களின் கைகள் அப்படியே நின்றன. கிணி தொண்டையைச் செருமினார். "ஆஷா எதையும் எடுக்கல" என்றார் மெதுவாக.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றேன் நான்.

அவர் என்னை முறைத்துவிட்டு, இன்னொரு முறை உரக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஆஷா பையைக் கீழே வைத்தாள்.