காளைக்குப் போட்ட மாலை

போன வாரம் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டுக்கு வெளியே ஒரு தாள் கிடந்தது. டியூஷனுக்கு வந்த பிள்ளை யாரோ தவறவிட்டது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இப்போதெல்லாம் மாடிக்கு இரண்டு டியூஷன் நடக்கிறது. எடுத்துப் படித்தேன். பண்ணை மிருகங்கள் முதலாளியைத் துரத்திவிட்டுத் தாங்களே ஆளத் தொடங்குகிற ஏதோ ஒரு கதையைப் பற்றிய கேள்வித்தாள். இடப்பக்கம் மிருகங்கள். வலப்பக்கம் அவை எதற்குக் குறியீடு என்ற விடைகள். கோடு போட்டு இணைக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன். மிருகம் பதினொன்று, விடை பத்து. மறுபடி எண்ணினாலும் அதேதான். பூனைக்கு ஆள் இல்லை. அச்சுப்பிழையா, வேண்டுமென்றே விட்டார்களா என்று புரியாமல் அன்று மத்தியானம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் ஒரு மிருகத்துக்கும் ஒரு மனிதருக்கும் நடுவே கோடு போடுவது எவ்வளவு வில்லங்கம் என்று எனக்குத் தெரியும். நான் காளையாக இருந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்குக் கம்பெனியில் நான் குமாஸ்தா. வருகிற மூட்டையையும் போகிற மூட்டையையும் எண்ணுவது வேலை. இந்த எண்ணுகிற வியாதி அங்கே தொற்றியதுதான். அந்த வருடம் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தோம். நடத்தியவர் எங்கள் சங்கச் செயலாளர் பெருமாள் அண்ணன். தோளும் தலையும் இருக்கும், நடுவில் கழுத்தைத் தேட வேண்டும், அப்படி ஓர் உடம்பு. வேலைநிறுத்தம் முடிந்ததும் எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், என் நண்பன் சிவலிங்கத்தைத் தவிர. மேனேஜரைக் கிண்டல் செய்து நோட்டீஸ் எழுதியவன் அவன். அவன் மனைவி அப்போது நிறைமாதம். அவனுக்காக நிர்வாகத்தோடு வாதாடிக்கொண்டிருந்தவரும் பெருமாள் அண்ணன்தான். முடிவு சொல்லும் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது சங்கத்தின் ஆண்டு விழா வந்தது.

வேலையில்லாமல் வீட்டில் இருந்த சிவா நாடகம் எழுதினான். ஒரு பால்கொட்டகை. மாடுகளும் கோழிகளும் சேர்ந்து முதலாளியைத் துரத்துகின்றன. காளை தலைவனாகிறது. பிறகு மெல்ல மெல்ல முதலாளியின் சாய்வு நாற்காலியில் உட்காரப் பழகுகிறது.

காளை என்று முடிவு செய்வதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. பன்றி என்ற பேச்சே கூடாது, மலாய்க்கார நண்பர்களும் குடும்பத்தோடு வருவார்கள். நாய் போட்டால் காவல்கார ஜாகா கோபித்துக்கொள்வார், இரவில் கேட் திறக்கிறவர் அவர்தான். ஆடு போட்டால் தாடி வைத்த தையல்காரர். கழுதை போட்டால் யார் யார் என்று சொல்லவே முடியாது. கடைசியில் மிஞ்சியது காளை. அதற்கும் ஒரு பெரியவர், "நந்திய நாற்காலியில உக்கார வைக்கிறீங்களே, நல்லதா?" என்று கேட்டார். சிவா, "இது வேற மாடுங்க ஐயா" என்று சமாளித்தான்.

காளைத் தலையைப் பழைய பேப்பரும் மைதாப் பசையும் வைத்து நாங்களே செய்தோம். இன்றைக்கும் மைதாப் பசை வாசனை வந்தால் எனக்கு மூச்சு முட்டும். அதைவிடப் பெரிய அவஸ்தை, சிவா கடைசிக் காட்சியை மாற்றிக்கொண்டே இருந்தான். ஒரு முடிவில் காளை நாற்காலியை விட்டு இறங்காது, திரை விழும். இன்னொன்றில் பழைய முதலாளியே வந்து காளைக்குப் புல் போடுவார். இரண்டையும் பாடம் பண்ணினேன். எது என்று கேட்டால், "மேடையில சொல்றேன் லா, பயப்படாத" என்பான். பயப்படாமல் எப்படி இருப்பது?

விழாவன்று பெருமாள் அண்ணன்தான் தலைமை. தலைமை தாங்குகிறவருக்கு ரோஜா மாலை போட்டார்கள். நம் வழக்கப்படி அவர் அதை உடனே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். மாலை கழுத்திலேயே இருந்தால் கர்வம் என்று பேர். கழற்றிய மாலையைப் பற்றி அப்புறம் யாரும் நினைப்பதில்லை.

முகமூடியின் கண் ஓட்டைகள் என் கண்ணுக்கு நேராக இல்லை. முன்வரிசைக் காலணிகள் மட்டும் தெரிந்தன. வெற்றிக் காட்சியில் கோழிகள் காளைக்கு மாலை போட வேண்டும். பெரிய கோழியாக நடித்த முனியாண்டி என் கழுத்தில் மாலையைப் போட்டான். ரோஜாவோடு, நன்றாகப் பழக்கப்பட்ட ஒரு தலை எண்ணெய் வாசனையும் வந்தது. எங்கோ முகர்ந்ததாயிற்றே என்று நான் யோசிப்பதற்குள் கூட்டம் சிரித்தது. என் நடிப்புக்குத்தான் என்று எண்ணித் தலையை இன்னும் இரண்டு ஆட்டு ஆட்டினேன். சிரிப்பு கூடியது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "டேய், நம்ம செயலாளருடா!" என்று கத்தினான். முன்வரிசை நடுவில் இருந்த பழுப்புக் காலணிகள் எழுந்தன, திரும்பின, போய்விட்டன. யாரோ திரையை இழுத்தார்கள். கடைசிக் காட்சி நடக்கவே இல்லை.

மறுநாள் காலை சிவா, முனியாண்டி, நான் மூவரும் பெருமாள் அண்ணன் வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொல்லவில்லை.

"காளை யாருடா?"

"காளைதாண்ணே," என்றான் சிவா.

"மேனேஜரா?"

"இல்லண்ணே."

"அப்ப நானா?"

"ஐயோ, இல்லண்ணே."

"யாருமே இல்லாத காளைக்கு என் மாலை எப்படிடா போச்சு?"

முனியாண்டி முன்னால் வந்தான். "பூக்கடைக்காரன் மாலை கொண்டாரலண்ணே. உங்களுது மேசை மேல சும்மாத்தானே கெடந்துச்சு..."

"கோழி சொல்லுது, நான் நம்பணுமா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி, "காளைதானேங்க, கழுதையா போடலியே, விடுங்க" என்றார். அது உதவவில்லை.

திரும்பும் வழியில் முனியாண்டி, "நீதானே மேசையக் காட்டின?" என்றான் சிவாவிடம். சிவா, "ஏதாச்சும் மாலை எடுன்னுதான் சொன்னேன்" என்றான். இருவரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. இரண்டும் எப்படி உண்மையாகும் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் பெருமாள் அண்ணன் சிவாவுக்காக மேசையைத் தட்டிப் பேசினார் என்று கேள்விப்பட்டோம். வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் கிள்ளானில் இல்லை, எங்கோ கிழக்குக் கரையில், குவாந்தான் கிடங்கில். பழிவாங்கிவிட்டார் என்றார்கள் சிலர். அதுவாவது வாங்கிக் கொடுத்தாரே என்றார்கள் வேறு சிலர். சிவா பெட்டியைக் கட்டினான். கைக்குழந்தையோடு பஸ் ஏறினான். அவனை வழியனுப்பப் பெருமாள் அண்ணன் வரவில்லை. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை.

தொண்ணூறுகளில் பெருமாள் அண்ணன் கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார் என்று சிவாவுக்குச் சொல்லியனுப்பினேன். வருவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தான், ஆரஞ்சுப் பழங்களோடு. பெருமாள் அண்ணன் உடம்பில் இப்போது கழுத்து தெரிந்தது. சிவாவைக் கட்டிலோரம் உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு நான் எழுந்து போயிட்டேன். அப்பறம் காளை என்னாடா ஆச்சு?"

சிவா என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அதுவா எறங்கிடுச்சுண்ணே. நாற்காலிய கோழிங்களுக்கு விட்டுருச்சு. கோழிங்க அதுல முட்டை போட்டுச்சு."

பெருமாள் அண்ணன் சிரிக்கப் போய் இருமினார். "பொய் சொல்றான் பாரு. இப்பத்தான் ஜோடிக்கிறான்." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார், "இருந்தாலும் அந்த முட்டை நல்லாருக்குடா."

பஸ் நிறுத்தத்தில் சிவாவிடம் கேட்டேன். நான் பாடம் பண்ணிய இரண்டு முடிவிலும் முட்டை கிடையாதே, நிஜமாக எதை வைத்திருந்தாய்? "நீ சொல்லேன் லா, நீதானே காளை" என்றான். அதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது.

பெருமாள் அண்ணன் அந்த மாதமே போனார். சிவாவும் போய்ச் சில வருடங்களாகின்றன. விழா நடந்த மண்டபத்தை இடித்து அடுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டிவிட்டார்கள். கிடங்கில் மூட்டையும் இல்லை, எல்லாம் கண்டெய்னர் பெட்டியில் வருகிறது, எண்ணுவதற்கு ஆள் வேண்டாம். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. அன்று திரையை யாரும் இழுக்காமல் இருந்திருந்தால், சிவா என்னை இறங்கச் சொல்லியிருப்பானா, உட்காரச் சொல்லியிருப்பானா? காளை என்ன ஆச்சு என்று கோபப்பட்டாவது என்னைக் கேட்க இப்போது ஒருவரும் இல்லை.