நீல விளக்கும் வெள்ளைக் காரும்

நான் விமானம் ஓட்டப் பழகிய சின்ன விமானத்தில், மூன்று விளக்குகள் கொண்ட பெட்டி ஒன்று உண்டு. மார்க்கர் ரிசீவர் என்பார்கள். ஓடுதளத்தை நோக்கி இறங்கும்போது, தரையில் இருக்கும் ஒவ்வொரு சிக்னல் நிலையத்தையும் கடக்கையில் ஒரு விளக்கு எரியும். காதில் பீப் பீப் என்று கேட்கும். முதலில் எரிவது நீலம். அதற்கான ஸ்விட்சை 'ஹை'யில் வைத்தால் நிலையம் வரும் முன்பே எரிந்துவிடும். நான் ஹையில்தான் வைப்பேன். பொறுமை என்பது எனக்கு ஏழு ஊர் தள்ளி. நீலத்தைக் கண்டதும் விமானத்தின் மூக்கைக் கவிழ்த்துவிடுவேன்.

"அந்த விளக்குக்கு ஊர் பேர் தெரியாதும்மா. எல்லா ஊர் நிலையமும் ஒரே மாதிரிதான் கூவும். உயரத்தையும் பாருங்க" என்று பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வார்.

பைலட் லைசென்ஸ் தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது அப்பா என்னைச் சங்கரன்கோவிலுக்கு வரச் சொன்னார். வாசுதேவநல்லூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். எனக்கு ஏர்போர்ட்டில் ஆபீஸ் வேலை என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். பிடித்துவிட்டால் அந்த வாரமே நிச்சயதார்த்தம், தேர்வு அம்போ. எனக்கு அப்பாவைத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதுவரை நான் வீட்டில் இல்லாவிட்டால் போதும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த தோழிதான் என் நீல விளக்கு; மாப்பிள்ளை வீட்டாரின் வெள்ளைக் கார் கடந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கார் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டுத் திரும்பியதும், மொட்டைமாடியில் நிற்கும் தங்கை இன்னொன்று கொடுப்பாள்.

மூன்று மணிக்குத் தோழியின் அழைப்பு வந்தது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாக ஸ்கூட்டரில் பறந்தேன். திருவேங்கடம் ரோட்டு பேக்கரியில் பட்டர் பன் தின்றுகொண்டிருந்தபோது தங்கையின் அழைப்பும் வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, இன்னொரு பன்னும் தின்றுவிட்டு வீடு திரும்பினேன்.

வாசலில் வேறொரு வெள்ளைக் காரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தது அடுத்த தெருச் சடங்கு வீட்டுக்கு வழி கேட்ட கார். மணி மூன்றரை.

பின்வாசல் வழியாக நுழைந்தேன். அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கன போன ஏட்டி? வாயெல்லாம் பன்னு."

பொய் வரவில்லை. வெள்ளைக் கார், மிஸ்டு கால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "அவங்களுக்குப் புடிச்சுட்டா பரீட்சைக்கு விடமாட்டீங்களேம்மா. எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அழுகையும் வந்துவிட்டது. அம்மா முந்தானையால் என் வாயைத் துடைத்தாள்.

கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா, "பாப்பாவுக்கு ஆபீஸ்ல என்ன வேலை?" என்று கேட்டார். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"ஆபீஸ் இல்ல அண்ணாச்சி, பிளேன் ஓட்டுதா" என்றாள் அம்மா, காபித் தட்டை நீட்டியபடி. "அடுத்த திங்கக்கிழமை பரீட்சை இருக்கு. நாளைக்கே கிளம்புதா. பேச்செல்லாம் அதுக்குப் பெறவு வச்சுக்கிடுவோம்."

காபியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. அப்பா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

தேர்வன்று ஸ்விட்சை 'லோ'வில் வைத்தேன். நீலம் எரிந்தது. உயரத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பாஸாகிவிட்டேன் என்று சொல்ல அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வெள்ளைக் காரு ஒண்ணும் குறுக்க வரலியே?" என்றாள்.